அறிந்து ஈதல்

இல்லாதவர்க்கு இருப்பவர் உதவுதல் உலகெங்கும் போற்றப்படும் அறமாகும். தமிழ் மக்கள் இவ்வறத்தைத் தொன்றுதொட்டுப் பேணி வந்தனர். வழிப்போக்கர் இளைப்பாறச் சத்திரங்கள் எழுந்தன. கோடையில் தெருமுனைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் தோன்றின. தலைச்சுமையோடு நடப்போர் அதனை இறக்கி வைக்கச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. இவற்றுள் எதுவாயினும், கொடுத்தவரும் பெற்றவரும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தவர்களே. பந்தலில் மோர் வழங்கப்படுகிறதா, இல்லையா என்பதை அவ்வழியே செல்லும் எவரும் கண்ணாற் கண்டறியலாம். சத்திரத்துக்கு விடப்பட்ட நிலத்தின் நெல் சத்திரத்து அடுப்புக்குச் செல்கிறதா, அதனை மேற்பார்ப்பவர் வீட்டுக் குதிருக்குச் செல்கிறதா என்பதும் ஊராருக்குத் தெரியாமற் போவதில்லை.

இக்காலத்தில் ஈகையின் வழி நீண்டுவிட்டது. சென்னையில் இருக்கும் ஒருவர், அசாம் மாநிலத்தில் வெள்ளத்தால் வீடிழந்த ஒருவருக்கென இருந்த இடத்திலிருந்தே ஒரு நொடியில் பணம் அனுப்புகிறார். கொடுத்தவர் முகத்தைப் பெற்றவர் அறியார். பெற்றவர் பெயரைக் கொடுத்தவர் அறியார். இது பெரியதொரு நன்மையே. முன்னொரு காலத்தில் செய்தியே எட்டாத தொலைவுக்கு இன்று உதவி எட்டுகிறது. ஆயினும் அந்த நீண்ட வழியின் இடையே பலர் நிற்கின்றனர். அவர்களுள் இரவு பகல் பாராது உழைக்கும் தொண்டர்களும் உளர். பிறர் துயரைக் காட்டித் தம் பையை நிரப்பிக்கொள்ளும் வஞ்சகரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே மொழியில் பேசுவதும், ஒரே வகைப் படங்களைக் காட்டுவதும், ஒரே வகை ரசீதை நீட்டுவதும்தான் இடர்ப்பாடு.

இடையில் நிற்போர் தவறக்கூடும் என்பதைப் பண்டைத் தமிழர் அறியாதவரல்லர். கி.பி. 1010 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோவிலின் சுவர்களைப் பார்த்தால் இது விளங்கும். முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையாரும், அரசமாதேவியரும், அதிகாரிகளும் அளித்த பொன்னும் அணிகளும் அங்கே ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இன்ன அணி, அதில் இத்தனை முத்து, இத்தனை பவளம், அதன் எடை இவ்வளவு என்பன மட்டுமல்ல; கோத்த சரடும் ஒட்டிய அரக்கும் எடையில் சேர்ந்தனவா, நீக்கப்பட்டனவா என்பது கூடக் குறிக்கப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. பேரரசன் கொடுத்த பொருளுக்கு இத்துணைக் கணக்கு வேண்டுமா என்று எவரும் அன்று கேட்கவில்லை போலும்.

விளக்குக் கட்டளைகளும் அவ்வாறே. கோவிலில் அணையா விளக்கு ஒன்று எரிய விரும்பிய சோழர் காலத்து அடியார் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றுவிடவில்லை. பல கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கைக் காண்கிறோம். அவ்வாடுகள் இடையர் வசம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோவிலுக்கு அளக்க வேண்டும். மூத்தவையும் இறந்தவையும் போக, ஈன்ற குட்டிகளைக் கொண்டு தொகையைக் குறையாது காக்க வேண்டும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், பெற்றது எவ்வளவு, அதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய பணி யாது ஆகிய நான்கும் ஊரறிய ஒரே கல்லில் இருந்தன. இன்று ஒரு நிறுவனம் தன் வரவு செலவை வெளியிட வேண்டும் என்று சட்டம் கூறுவதன் கருத்தும் இந்நான்கே.

பிற நாடுகளும் இந்நோய்க்கு நெடுங்காலமாக மருந்து தேடியுள்ளன. இங்கிலாந்தில் எலிசபெத்து அரசி ஆண்ட 1601 ஆம் ஆண்டிலேயே அறக்கொடைகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதை ஆராயச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1853 ஆம் ஆண்டு அந்நாட்டில் அறநிலையங்களை மேற்பார்க்க நிலையான ஆணையமே அமைந்தது. சென்னை மாகாணத்தில் 1817 ஆம் ஆண்டு வந்த ஒழுங்குமுறைச் சட்டம், கோவில்களுக்கும் சத்திரங்களுக்கும் விடப்பட்ட கட்டளைச் சொத்துகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அரசுக்கு அளித்தது. சட்டங்கள் இவ்வாறு பெருகியும் வஞ்சகம் ஒழியவில்லை. அது தன் உடையை மாற்றிக்கொண்டது.

அதன் புதிய உடை எத்தகையது என்பதை அறிய அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காணுதல் நலம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே எவர் நெஞ்சமும் கலங்கும். அந்நோயால் வாடும் குழந்தைகள், அந்நோயுற்ற பெண்கள் ஆகியோர் பெயரால் நான்கு நிறுவனங்கள் அங்கே நிதி திரட்டி வந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் அமெரிக்கப் புற்றுநோய் நிதியம். 1913 ஆம் ஆண்டு முதல் நற்பணி ஆற்றிவரும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என்பதோ முற்றிலும் வேறான அமைப்பு. தொலைபேசியில் ஒரு குரல் விரைந்து சொல்லும்போது நிதியத்துக்கும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை பேர் செவி பிரித்துணரும்?

நோயுற்ற குழந்தைகளுக்கு வலி தணிக்கும் மருந்து வாங்கித் தருகிறோம் என்று அந்நிறுவனங்கள் கூறின. நோயாளிகளை மருத்துவத்துக்கு அழைத்துச் செல்கிறோம், இறுதிநாட் பராமரிப்புக்குப் பணம் கட்டுகிறோம் என்றும் கூறின. 2008 முதல் 2012 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் மக்கள் அவற்றை நம்பிக் கொடுத்த தொகை 18 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேற்பட்டது. 2015 மே மாதத்தில் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையமும், 50 மாநிலங்களும், தலைநகர் வாசிங்டனும் ஒருங்கே நின்று அந்நான்கு நிறுவனங்களின் மீதும் வழக்குத் தொடுத்தன. அத்தனை மாநிலங்களும் ஒரு வழக்கில் ஒன்றுகூடியது புதுமையாகப் பேசப்பட்டது.

பணம் எங்கே சென்றது என்பதை ஆணையத்தின் வழக்குரை விளக்கிற்று. தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுக்குக் கூலியாகப் பலவேளைகளில் நூற்றுக்கு 85 பங்கோ, அதற்கு மேலுமோ சென்றது. அதாவது, ஒருவர் 100 டாலர் கொடுத்தால் 85 டாலர் கேட்டவர் கூலிக்கே போயிற்று. எஞ்சிய 15 டாலராவது நோயாளியை அடைந்ததா எனின், அதுவுமில்லை. உறவினருக்கும் நண்பருக்கும் நல்ல சம்பளத்தில் வேலைகள் வழங்கப்பட்டன, மகிழுந்துகள் வாங்கப்பட்டன, கப்பலில் உல்லாசப் பயணங்கள் நடந்தன, கல்லூரிக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடத்துச் சந்தா, விளையாட்டுப் போட்டிகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் நுழைவுச் சீட்டு ஆகியவையும் அப்பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டன என்று வழக்குரை கூறிற்று.

இவ்வளவும் நடக்கையில் அந்நிறுவனங்களின் கணக்கேடுகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன என்பதுதான் கவனிக்கத் தக்கது. அதற்கு அவை கையாண்ட முறை வருமாறு: வேறொருவர் அளித்த மருந்து முதலிய பொருள்கள் அயல்நாடுகளுக்குக் கப்பலில் செல்லும். அவற்றைத் தாமே பெற்றுத் தாமே வழங்கியதாக அந்நிறுவனங்கள் தம் ஏட்டில் எழுதிக்கொண்டன. இவ்வகையில் எழுதப்பட்ட மதிப்பு 22 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேல் என்று ஆணையம் கணக்கிட்டது. உண்மையில் அவை வெறும் இடைவழிகளாகவே இருந்தன. ஆனால் ஏட்டில் பெரியதொரு தொகை அறப்பணிச் செலவாகத் தோன்றவே, சம்பளமும் தொலைபேசிக் கூலியும் அதன் அருகே சிறுத்துத் தெரிந்தன. ஒரு குடம் பாலில் ஒரு குடம் நீரை ஊற்றி இரண்டு குடம் பால் என்று எழுதுபவன் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? கணக்கு வெளியிடப்படுகிறதா என்று பார்ப்பது போதாது. அக்கணக்கில் பணம் எது, பொருளின் மதிப்பு எது என்று பிரித்துப் படிக்கவும் வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்திற்று.

நான்கு நிறுவனங்களுள் இரண்டு வழக்குத் தொடங்கியபோதே உடன்பாட்டுக்கு வந்தன. மற்ற இரண்டும் 2016 மார்ச்சில் வந்தன. நான்கும் மூடப்பட்டன. ஆயினும் மக்கள் கொடுத்த தொகையில் பெரும்பகுதி முன்னரே செலவாகிவிட்டது. மீண்டது மிகச் சிறிதே. இதில் இழந்தவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இழந்தது பணம். அந்த ஐந்தாண்டுகளில் வலி தணிக்கும் மருந்துக்காகக் காத்திருந்த நோயாளி இழந்ததை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது. போலி நிறுவனம் ஒன்று திரட்டும் ஒவ்வொரு நாணயமும் உண்மை நிறுவனம் ஒன்றுக்குச் சென்றிருக்கக் கூடிய நாணயமே.

மேற்கூறிய வஞ்சகம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்தது. மற்றொரு வகையோ மின்னல் போல் நிகழ்வது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், கொள்ளைநோய் ஆகியவை நேரும்போது மக்கள் உள்ளம் இளகுகிறது. உடனே ஏதேனும் செய்ய வேண்டும் என்று கை துடிக்கிறது. அத்துடிப்பே வஞ்சகருக்கு அறுவடைக் காலம். 2005 ஆகத்து 29 ஆம் நாள் காத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. வெள்ளம் வடிவதற்குள்ளேயே செஞ்சிலுவைச் சங்கத்தின் பக்கம் போன்று தோற்றமளிக்கும் போலி இணையப் பக்கங்கள் முளைத்தன. அடுத்த மாதமே அந்நாட்டு நீதித்துறை இவ்வகை மோசடிகளை ஆராய்வதற்கென்றே தனிக்குழு அமைக்க நேர்ந்தது.

இந்தியாவில் 2020 மார்ச்சு இறுதியில் கொரோனா நோய் பரவத் தொடங்கிய காலத்தில் பிஎம் கேர்ஸ் என்னும் நிதி அறிவிக்கப்பட்டது. கைப்பேசி வழியாக யுபிஐ முறையில் பணம் செலுத்த அதற்கென ஒரு முகவரியும் வெளியிடப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாழிகைகளுக்குள் ஏறத்தாழ அதே முகவரி ஒன்று மக்களிடையே உலவத் தொடங்கியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. உண்மை முகவரியில் கேர்ஸ் என்றிருந்தது; போலியில் கடைசி எழுத்து விடுபட்டுக் கேர் என்றிருந்தது. தில்லிக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு இதனைக் கண்டு மக்களை எச்சரித்தது. வங்கியும் அப்போலி முகவரியை முடக்கியது. அவசரத்தில் படிக்கும் கண்ணுக்கு ஓர் எழுத்து மறைவது இயல்பே. வஞ்சகர் நம்பியதும் அவ்வியல்பையே.

ஆகவே பேரிடர்க் காலத்தில் கணக்கு எண்ணையும் முகவரியையும் நண்பர் அனுப்பிய செய்தியிலிருந்தோ, எவரோ பகிர்ந்த படத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளுதல் கூடாது. அரசு வெளியிட்ட அறிவிப்பிலிருந்தோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ அதனைத் தாமே தேடி எடுத்தல் வேண்டும். செய்தியை அனுப்பிய நண்பர் நல்லவராக இருக்கலாம்; அவருக்கு அனுப்பியவரும் நல்லவராக இருக்கலாம். சங்கிலியின் முதற் கண்ணி யார் என்பதே வினா. பணம் அனுப்பும்போது கணக்குக்கு உரியவர் பெயர் கைப்பேசித் திரையில் தோன்றும். நிறுவனத்தின் பெயருக்கு மாறாகத் தனிமனிதர் ஒருவர் பெயர் அங்கே தோன்றுமாயின் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நன்கொடையைத் திருப்பித் தருகிறோம், வரிச் சலுகை அனுப்புகிறோம் என்று சொல்லி இரகசிய எண்ணைக் கேட்பவரும் உண்டு. பணம் கொடுப்பதற்குத்தான் அவ்வெண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை.

இனி, வீட்டு வாயிலிலும் கைப்பேசித் திரையிலும் அன்றாடம் காணும் முறைகளைச் சிறிது பார்க்கலாம். நோயுற்ற குழந்தை ஒன்றின் படம் வருகிறது. மூக்கில் குழாய், அருகே கண்ணீருடன் தாய். அறுவை மருத்துவத்துக்குப் பல இலட்சம் வேண்டும், நாளை மாலைக்குள் கட்ட வேண்டும் என்றொரு குறிப்பு. கீழே ஒரு கணக்கு எண். படம் உண்மையாகவே இருக்கலாம். குழந்தையும் உண்மையாகவே நோயுற்றிருக்கலாம். ஆனால் உண்மைக் குடும்பம் ஒன்று எப்போதோ வெளியிட்ட வேண்டுகோளை எடுத்துக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பரப்புவோர் உளர். குழந்தை நலமடைந்து வீடு திரும்பிய பின்னரும் அப்படம் உலா வந்துகொண்டிருக்கும்.

இத்தகைய வேண்டுகோளைக் கண்டவுடன் புறக்கணித்துவிடுதல் எளிது, அது முறையன்று. பத்துப் பேர் புறக்கணித்தால் பதினோராவது முறை வருவது உண்மையான துயராக இருக்கக்கூடும். எந்த மருத்துவமனை என்பது குறிப்பில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை அக்குறிப்பிலிருந்து எடுக்காமல் தனியே தேடி அறிந்து, இன்ன பெயருடைய நோயாளிக்குப் பணம் கட்ட விரும்புவதாகக் கூறிக் கேட்கலாம். நோயைப் பற்றிய செய்தியை மருத்துவமனையார் சொல்லமாட்டார்கள்; சொல்வதும் தகாது. ஆனால் நோயாளியின் சேர்க்கை எண்ணில் பணம் கட்ட இயலுமா என்பதைச் சொல்வார்கள். அவ்வாறு மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டிவிட்டால் இடையில் எவருக்கும் வேலையில்லை. உண்மையான துயரில் இருப்பவர் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. மருத்துவமனைக்குக் கட்ட வேண்டாம், எங்கள் கையிலேயே தாருங்கள் என்று வற்புறுத்துபவரிடம் காரணத்தை அமைதியாகக் கேட்பதில் தவறில்லை. மருத்துவமனைக்கு வெளியேயும் ஏழைக் குடும்பத்துக்குச் செலவுகள் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

அவசரப்படுத்துதல், அச்சமூட்டுதல், நாணச் செய்தல் ஆகிய மூன்றும் வஞ்சகரின் பழைய கருவிகள். கேள்வி கேட்டவுடன் முகம் சுளித்து, ஐம்பது ரூபாய்க்கு இத்தனை கேள்வியா என்பர் சிலர். அக்கூற்றைக் கேட்ட இல்லத்தார் வெட்கி, ரூபாயை எடுத்து நீட்டிவிடுவர். உண்மையாகப் பணிசெய்யும் தொண்டருக்கோ கேள்வி மகிழ்ச்சியையே தரும். தம் இல்லத்தில் எத்தனை குழந்தைகள், யார் சமைப்பவர், எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்றெல்லாம் அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதுதான் கடினம். நேரில் வந்து பாருங்கள் என்று அவரே அழைப்பார். ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்கு ஒருமுறை நேரிற் சென்று வருவது பத்துச் சான்றிதழ்களைப் பார்ப்பதினும் மேலானது.

சான்றிதழ்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் சங்கமாக அமைவோர் 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்கின்றனர். சிலர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகின்றனர். வேறு சிலர் 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி இலாப நோக்கமற்ற நிறுவனமாகின்றனர். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் பல தொண்டு நிறுவனங்கள் தம்மைப் பதிந்து எண் பெற்றுள்ளன. பதிவு எண்ணைக் காட்டுவோரெல்லாம் நேர்மையாளர் என்று கருதிவிடலாகாது. இப்பெயரில் இப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கே பதிவு சான்று. அது நன்றாக நடக்கிறது என்பதற்கன்று. பிறப்புச் சான்றிதழ் ஒருவர் பிறந்ததைத்தான் கூறும். அவர் நல்லவர் என்று கூறுமா?

வருமான வரித்துறையின் ஏற்பு இதனினும் சற்று வலுவுடையது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குரிய பிரிவு 80ஜி. 2025 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் பிரிவின் எண் வேறாயினும், மக்கள் நாவில் அப்பழைய எண்ணே நிலைத்துவிட்டது. ஏற்புப் பெற்ற நிறுவனங்களை வரித்துறையின் தளத்தில் தேடி அறியலாம். 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை இல்லையென்றாயிற்று. 2021-22 நிதியாண்டு முதல் நிறுவனங்கள் தாம் பெற்ற கொடைகளை வரித்துறைக்குத் தெரிவித்துக் கொடையாளருக்கு அதற்குரிய சான்றிதழும் வழங்க வேண்டும் என்ற விதி வந்தது. எனவே கையால் எழுதிய ரசீதோடு நின்றுவிடும் நிறுவனத்திடம் அச்சான்றிதழைக் கேட்டுப் பெறுவது கொடையாளர் உரிமை.

இங்கே கசப்பான செய்தி ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எல்லா மோசடியிலும் கொடையாளர் ஏமாந்தவராகவே இருப்பதில்லை. காசோலையாகப் பெருந்தொகையைக் கொடுத்து, தரகு போக மீதியைப் பின்வழியே ரொக்கமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வரிச் சலுகைக்கு மட்டும் ரசீதைக் காட்டுவோரும் நாட்டில் உண்டு. 2025 சூலையில் வரித்துறை போலிக் கழிவுகளைக் குறித்து நாடெங்கும் ஆய்வும் நடத்தியது. அறத்தின் பெயரை அவர்கள் விலைக்கு வாங்குகின்றனர். விற்பதற்கு நிறுவனங்களும் கிடைக்கின்றன.

விழிப்போடு இருப்பவர் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஒரு நிறுவனம் தன் வருவாயில் நூற்றுக்கு எத்தனை பங்கை நிருவாகத்துக்குச் செலவிடுகிறது என்று பார்ப்பர். அப்பங்கு குறையக் குறைய நிறுவனம் சிறந்தது என்று முடிவு கட்டுவர். இது பாதி உண்மையே. சிற்றூர்களில் கண் மருத்துவ முகாம் நடத்தும் ஓர் அமைப்புக்கு வண்டியும் வண்டிக்கு எரிபொருளும் வேண்டும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஊதியம் வேண்டும். கணக்கை ஒழுங்காக எழுத ஓர் எழுத்தரும் வேண்டும். எழுத்தருக்கு ஊதியம் கொடுக்காத நிறுவனத்தில் கணக்கே இராது. எல்லாப் பணமும் அப்படியே ஏழைக்குச் செல்கிறது, எங்களுக்குச் செலவே இல்லை என்று ஒருவர் மார்தட்டினால் அதுவே ஐயத்துக்கு இடமளிக்கும். கேட்க வேண்டிய வினா, செலவு எவ்வளவு என்பது மட்டுமன்று. அச்செலவால் விளைந்தது யாது என்பதுமாகும். சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கண்ணில் அறுவை நடந்தது, எந்த ஊர்களில் முகாம் நடந்தது என்று கேட்டால் உண்மை அமைப்பு ஊர்ப் பெயர்களைச் சொல்லும். போலி அமைப்பு ஆயிரக்கணக்கானோர் என்று பொதுவாகச் சொல்லி நழுவும்.

பணமாகக் கொடுத்தால்தானே ஏமாற்றுவர், பொருளாகக் கொடுப்போம் என்பாரும் உளர். 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைச் சூறையாடியபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் பழந்துணிகள் வந்தன. உடுத்த இயலாத அத்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. கடலோர மக்களின் மானம் அவற்றைத் தொட இசையவில்லை. கொடுத்தவரை எவரும் ஏமாற்றவில்லை. கொடை மட்டும் வீணாயிற்று. வேண்டுவது யாதெனக் கேளாமல் கொடுப்பதும் அறியாமல் ஈதலின் ஒரு வகையே.

இத்தனையும் பார்த்துக் கொடுத்த பின்னரும் ஒருவர் ஏமாறக்கூடும். ஏமாறியவர் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. படித்தும் ஏமாந்தோமே என்ற நாணம் ஒருபுறம். போனது ஐந்நூறு ரூபாய்தானே, புண்ணியத்துக்குக் கொடுத்தது தொலையட்டும் என்ற ஆறுதல் மற்றொருபுறம். வஞ்சகர் கணக்கு வேறு. ஆயிரம் பேரிடம் ஐந்நூறு பெற்றால் ஐந்து இலட்சம். ஆயிரம் பேரும் வாய் திறவாதிருந்தால் அடுத்த வாரம் மற்றோர் ஆயிரம் பேர். ஆகவே தொகை சிறிதாயினும் முறையிடுதல் வேண்டும்.

இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிக்க இந்தியாவில் 1930 என்னும் தொலைபேசி எண் உள்ளது. தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் எழுதலாம். இதில் காலமே பெரிது. ஏமாற்றிப் பெற்ற பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு விரைந்து மாறி, இறுதியில் ரொக்கமாக வெளியேறிவிடும். அது வெளியேறுமுன் செய்தி எட்டினால் வங்கி அதனை இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. அடுத்த நாள் சொன்னால் அவ்வாய்ப்புப் பெரிதும் குறையும். முறையிடுபவர் பணம் அனுப்பிய நாளும் நேரமும், தொகை, பரிமாற்றத்தின் எண், எந்தக் கணக்குக்கு அல்லது முகவரிக்கு அனுப்பினார் என்பது ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டுகோளாக வந்த செய்தியையும் படத்தையும் வெறுப்பினால் அழித்துவிடலாகாது. அவை காவலர் கையில் சேர வேண்டியவை.